மொழிபெயர்க்க மறுத்தவளோடு மூன்று நாள்

பேசுவதற்காகத்தான் நான் சுவிற்சர்லாந்துக்குப் போனேன். பீல் நகரத்தில் தமிழ்ப் பள்ளியொன்றின் ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்கப்பட்ட இருவரில் இளையவள் நான். ‘புலம்பெயர் மண்ணில் பிள்ளைக்குத் துணை வீடா, வெளியுலகமா?’ என்பது தலைப்பு. வீடு என்ற அணிக்குத் தலைமை தாங்கினேன். எதிரணித் தலைவருடைய மூன்றாவது வாதத்தை அவருடைய முதலாவது வாதத்தைக் கொண்டே நான் உடைத்தபோது மண்டபத்தில் எழுந்த கரவொலி அடங்க நேரமெடுத்தது. நடுவர் வீட்டுக்கே தீர்ப்பளித்தார். அடக்கம் கருதி இதை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் நடந்தவை அனைத்தும் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்கின.

வாகனத் தரிப்பிடத்தில் சிவநேசன் மாமா காத்திருந்தார். அம்மாவின் தம்பி, கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப்பாகம் பொருத்துபவர். அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவருடைய ஒரே மகள் சாயினி, பதினாறு வயது, நொஷாட்டலில் தங்கிப் பிரெஞ்சு படிக்கிறாள் என்று எங்களுக்கெல்லாம் சொல்லப்பட்டிருந்தது.

“பிள்ளை, சாயினி நொஷாட்டல்ல இல்லை,” என்றார் மாமா, காரின் கதவைத் திறக்காமலே. “மலையில நிக்கிறாள்.”

“அப்பிடிச் சொன்னால் என்னெண்டு விளங்கும்? ஒழுங்காச் சொல்லுங்கோவன்,” என்றார் மாமி.

மாமி ஒழுங்காகச் சொன்னார். சாயினி மாதக்கணக்காகப் பள்ளிக்கூடம் போகவில்லை. சிநேகிதிகளின் வீடுகளில் தங்கினாள். ஒருமுறை எல்லையோர ரயில் நிலையமொன்றில் பொலிஸார் அவளைக் கண்டு அழைத்து வந்தார்கள். அதன் பிறகு இளைஞர் நலப் பணியகம் தலையிட்டு, அவளை நான்கு வாரம் மலையில் நடக்க அனுப்பியது. குழம்பிய பிள்ளைகளைக் கைத்தொலைபேசி இல்லாமல், கூடாரத்தோடும் வரைபடத்தோடும் காட்டுவழியில் நடக்க வைத்து நிலைப்படுத்துகிற திட்டம் அது. கடைசி மூன்று நாளும் குடும்பத்தில் ஒருவர் கூட நடக்க வேண்டும். மாமிக்கு முழங்கால் நோ. மாமாவுக்கு வேலை முறை மாற்ற முடியாதாம்.

“மூண்டாம் நாள் கூட்டம்,” என்றார் மாமா. “வீட்டுக்கு வாறாளோ, இல்லாட்டி ஒரு வருஷம் அவையின்ர இல்லத்தில போய் நிக்கிறாளோ எண்டு அவளைக் கேப்பினம். இல்லம் எண்டு அவள் சொன்னால் சனத்துக்கு நான் என்ன சொல்லுறது? இண்டைக்கு மேடையில கதைச்ச மாதிரி அவளோட ஒருக்காக் கதை. வீடு எண்டு அவளைச் சொல்ல வைச்சாக் காணும்.”

ஒப்புக்கொண்டேன். மேடையில் நிரூபித்ததை மலையில் நிரூபிக்க முடியாதா என்ன?

திங்கட்கிழமை தனியாகப் புறப்பட்டேன். சுவிஸ் ரயில்களில் யாரும் எனக்குச் சொல்லிவைக்காத ஒரு வழக்கம் இருக்கிறது: ஓரிடத்தில் ரயில் இரண்டாகப் பிரிகிறது. முன்பாதி ஒரு பள்ளத்தாக்குக்கும் பின்பாதி இன்னொரு பள்ளத்தாக்குக்கும் போகின்றன. அறிவிப்பு ஜெர்மன் மொழியில் ஒலித்தபோது நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு என்னுடைய முதல் வாதத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். பிழையான பாதியில் இருக்கிறேன் என்பது மூன்று நிலையங்கள் தாண்டித்தான் விளங்கியது. திரும்பி வந்து இறங்கியபோது மஞ்சள் நிற மலைபஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடினேன். ஓட்டுநர் என்னைக் கண்டார், உண்மையான வருத்தத்தோடு தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார், போய்விட்டார்.

எங்கள் பருத்தித்துறை பஸ் ஓடிவருபவருக்காக நிற்கும். ஆறுதலாக நடந்து வருபவருக்காகவும் நிற்கும். ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பது அதன் ஓட்டுநருக்கே தெரியாது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், எந்த அணியில் என்னைப் போட்டிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நிலையத்துக் கோப்பிக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தமிழோ? ஊரில இருந்து வந்தனீங்களோ?”

“ஓம் அண்ணை. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“பஸ் வெளிக்கிட்ட பிறகு இஞ்ச ஒருத்தரும் ஓடுறேல்லை.” கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார். “ஆற்ற வீட்டில நிக்கிறியள்?”

மாமாவின் பெயரைச் சொன்னேன்.

“பீல் சிவநேசன் அண்ணையோ! மகள் நொஷாட்டல்ல பிரெஞ்சு படிக்கிறா எல்லோ? தங்கமான பிள்ளை. நான் பீல்ல இருக்கேக்க என்ர விசாக் கடிதம் எல்லாம் அவதான் வாசிச்சுச் சொல்லுறவ. அப்ப அவவுக்குப் பத்து வயசும் இராது. பிரெஞ்சு எப்பிடிப் போகுதாம்?”

“நல்லாப் போகுதாம்,” என்றேன், சற்றும் தடுமாறாமல்.

பீலிலிருந்து இத்தனை தூரம் வந்திருந்தேன். மாமாவின் பொய் எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த பஸ்ஸில் பள்ளத்தாக்கின் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினேன். மாமி காட்டிய படங்களில் சாயினி பரத உடுப்பில் நின்றாள். இங்கே நின்றவளுக்கு மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. சப்பாத்தில் காய்ந்த சேறு. கழுத்தில் வரைபடம் தொங்கியது.

“வாங்கோ மச்சாள். ஒரு மணித்தியாலம் பிந்திட்டியள். இந்த நாட்டில அது பெரிய குற்றம்.”

அவளருகில் ரெகுலா. ஐம்பது வயதிருக்கும், தாதியாக இருந்து பின் மலைவழிகாட்டியானவர், நல்ல ஆங்கிலம் பேசினார். நடந்த நான்கு பிள்ளைகளும் கடைசி மூன்று நாளுக்காக வெவ்வேறு பாதைகளுக்குப் பிரிந்திருந்தார்கள். எங்கள் பாதையில் நாங்கள் மூவர் மட்டுமே.

ரெகுலா என் பையைத் திறந்து, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்: குடை, கூட்டத்துக்கென்று மடித்துவைத்த சேலை, இரண்டு தடித்த புத்தகங்கள். மாமி பொரித்துத் தந்த மட்டன் ரோல்ஸ் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து அதை மட்டும் திரும்ப உள்ளே வைத்தார். பின்பு விதியைச் சொன்னார். முதல் நாள் முழுவதும் வந்தவர் கேள்வி கேட்கக் கூடாது. நடப்பவர் தானாகக் கதைத்தால் பதில் சொல்லலாம். பாதையைத் தேர்வதும், ஓய்வெடுக்கும் இடத்தைத் தீர்மானிப்பதும் சாயினி.

“பிள்ளைகளிடம் எல்லோரும் கேள்விதான் கேட்டிருக்கிறார்கள்,” என்றார் ரெகுலா. “அதில் அவர்கள் களைத்துப்போய் வருகிறார்கள்.”

செவ்வாய் காலை ஏறத் தொடங்கினோம். யாழ்ப்பாணம் தட்டையான நிலம். அங்கே நான் ஏறிய அதியுயரமான ஏற்றம் பல்கலைக்கழக நூலகத்தின் படிக்கட்டு. அரை மணி நேரத்துக்குள் மூச்சு என் வசம் இல்லை. பேச்சாளருக்கு மூச்சே மூலதனம் என்று என் ஆசிரியர் சொல்லித் தந்திருந்தார். அந்த மலை அதைப் பறித்துக்கொண்டு என்னை மௌனமாக நடக்கவைத்தது. ரெகுலாவின் விதி எனக்குத் தேவைப்படவேயில்லை.

சாயினி முன்னால் சீராக நடந்தாள். ஒவ்வொரு கிளைப்பாதையிலும் நின்று வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாள். யாரிடமும் சரியா என்று கேட்கவில்லை. மரக்குற்றியைக் குடைந்து செய்த தொட்டியில் ஊற்றுநீர் விழுந்துகொண்டிருந்த இடத்தில் எனக்காக நின்றாள்.

“குடியுங்கோ. மாடும் குடிக்கிற தண்ணிதான். ஆனா மேல்பக்கம் எங்களுக்கு.”

நண்பகலில் ஒரு மேய்ச்சல்நிலக் குடிசையைக் கடந்தோம். சீஸ் வட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவர் எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். சாயினி ஒரே சொல்லில் பதில் சொன்னாள். அவர் மீண்டும் கேட்டார். அவள் அதே சொல்லை இன்னும் அழுத்தமாகச் சொன்னாள். அவர் உரக்கச் சிரித்து, உள்ளே போய் மூன்று கிண்ணங்களில் பால் கொண்டுவந்தார். என்ன நடந்தது என்று ரெகுலாவிடம் கேட்டேன். அவரிடம் கேட்க விதியில் தடை இல்லை.

“எந்த ஊர் என்றார். பீல் என்றாள். இல்லை, உண்மையில் எந்த ஊர் என்றார். உண்மையில் பீல் என்றாள். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டபின் அவரால் மறுக்க முடியவில்லை.”

மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்தோம். சாயினி சமைத்தாள்: மக்கரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும் ஒன்றாக வெந்த ஒரு கலவை, பக்கத்தில் அப்பிள் மசியல். இனிப்பையும் உவர்ப்பையும் ஒரே தட்டில் போடும் இந்த மக்களை நான் சந்தேகத்தோடு நோக்கினேன். பின்பு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். ரெகுலா மாமியின் ரோல்ஸை எடுத்தார். உறைப்பில் கண்ணீர் வழிய மூன்றை முடித்துவிட்டு நாலாவதற்குக் கை நீட்டினார்.

“என்ன மச்சாள், பேசாமல் இருக்கிறியள்?” என்றாள் சாயினி. “அப்பா உங்களை என்னத்துக்கு அனுப்பினவர் எண்டு எனக்குத் தெரியும். சொல்லுங்கோ. நான்தான் கதைக்கச் சொல்லுறன். ரெகுலா ஒண்டும் சொல்ல மாட்டா.”

எழுந்து நின்றேன். உட்கார்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. வீடு என்பது மனிதனின் முதல் மொழி என்று தொடங்கினேன். பெற்றோரின் இழப்பு, அவர்களுடைய உழைப்பு, அந்நியர் நடத்தும் இல்லத்தில் பிறந்தநாள்கூடக் கோப்பில் ஒரு வரியாகிவிடும் அவலம் என்று மூன்று படிகளாக உயர்த்தி, ‘வா வீட்டுக்கு’ என்ற இரு சொற்களில் இறக்கினேன். பீல் மண்டபத்தில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன்.

கீழே எங்கோ மாட்டு மணிகள் ஒலித்தன.

“அவை கைதட்டுதுகள்,” என்றாள் சாயினி. தட்டைப் புல்லில் வைத்தாள். “ஒண்டு கேக்கட்டோ? சனிக்கிழமை உங்களை மற்றப் பக்கத்தில போட்டிருந்தா, வெளியுலகம்தான் துணை எண்டு இதே மாதிரிக் கதைச்சிருப்பியளோ?”

பொய் சொல்லியிருக்கலாம். கோப்பிக் கடையில் ஒரு முறை சொல்லியாகிவிட்டது. போதும் என்று பட்டது.

“ஓம். இதே மாதிரித்தான்.”

“வெண்டிருப்பியளோ?”

“வெண்டிருப்பன்.”

“அப்ப நீங்கள் எனக்கு என்னத்தைச் சொன்னனீங்கள்?” என்று கேட்டுவிட்டு, பானையைக் கழுவ ஊற்றுக்குப் போனாள்.

நான் மீதித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

புதன் காலை மழை பிடித்தது. கணவாய்க்குப் பாதி வழியில் ஒரு வெற்று மாட்டுத் தொழுவத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். ரெகுலா பாதையின் நிலையைப் பார்த்துவர மேலே போனார். சாயினி பாண் ரொட்டியை வெட்டினாள். அந்தப் பாணை வெட்டக் கத்தியைவிடக் கோடரி பொருத்தமாக இருந்திருக்கும். விதியின் முதல் நாள் முடிந்துவிட்டது. இனி நான் கேள்வி கேட்கலாம். என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

“வீட்டில உனக்கு என்ன கஷ்டம், சாயினி?”

“ஒருத்தரும் அடிக்கேல்லை. ஒருத்தரும் ஏசவும் இல்லை. அதுதான் பணியகத்து ஆக்களுக்கும் விளங்குதில்லை.” பாண் துண்டை என்னிடம் நீட்டினாள். “எட்டு வயசில என்ர முதலாவது பெற்றோர் சந்திப்பு. ரீச்சர் என்னைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லுறா. நான்தான் அதைத் தமிழில சொல்லுறன். சாயினி வகுப்பில கதைக்கிறாள் எண்டு ரீச்சர் சொன்னா. சாயினி நல்ல பிள்ளை எண்டு நான் சொன்னன்.” சிரித்தாள். “அது பகிடி. பிறகு வரிக் கடிதம், வாடகைக் கடிதம், விசாக் கடிதம். எங்கட வீட்டுக்கு மட்டுமில்லை. பக்கத்து வீட்டு மாமா, கோயில் ஐயர், எல்லாருக்கும்.”

மழை பலத்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. நான்தான் அருகே நகர்ந்தேன்.

“பதினாலு வயசில அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போனன். வயித்தில ஒரு கட்டி. டொக்டர் என்னைப் பாத்துத்தான் சொல்லுறார், புற்றுநோயாவும் இருக்கலாம், பரிசோதிச்சுப் பாக்கோணும், மூண்டு கிழமை எடுக்கும் எண்டு. அம்மா என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. சின்னக் கட்டி, பயமில்லையாம் எண்டு சொன்னன். கடைசியில ஒண்டுமில்லை எண்டுதான் வந்தது. ஆனா அந்த மூண்டு கிழமையும் எங்கட வீட்டில அந்தச் சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா சமைச்சுக்கொண்டு பாட்டுப் பாடுறா. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

கையிலிருந்த பாண் துண்டைப் பக்கத்தில் வைத்தேன்.

“அதுக்குப் பிறகு என்னாலை ஒரு கடிதமும் திறக்க ஏலாமல் போச்சு. தபால்பெட்டியில இருந்து எடுத்து என்ர அலுமாரியில, குளிர் உடுப்புக்குக் கீழ வைச்சன். பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் அங்கதான். அப்பாவின்ர கடிதமும்.”

“எந்தக் கடிதம்?”

“குடியுரிமை நேர்முகத்துக்கு நகரசபை கூப்பிட்ட கடிதம். ரெண்டு வருஷம் அப்பா படிச்சவர், மச்சாள். சவரம் செய்யேக்க நான் மலையின்ர பேர், ஏரியின்ர பேர் எல்லாம் கேப்பன். அவர் சவர்க்காரத்தோட சொல்லுவார். அந்தக் கடிதத்தை நான்தான் ஒளிச்சன். நாள் போயிட்டுது. கோப்பை மூடியிட்டினம். தபால்காரன் கொண்டுவரேல்லை எண்டு அப்பா இண்டைக்கும் அந்த ஆளோடு முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. அந்த வீட்டுக்கு நான் எப்பிடிப் போறது? போனால் அடுத்த நாளும் கடிதம் வரும்.”

ரெகுலா நனைந்தபடி இறங்கி வந்து, மழை விட்டால் கணவாய் திறந்திருக்கும் என்றார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள மாமாவுக்கு வசதி செய்து தரவில்லையா என்று அவரிடம் கேட்டேன். பணியகம் மூன்று முறை கேட்டதாம். மூன்று முறையும் மாமா ‘தேவையில்லை, மகள் இருக்கிறாள்’ என்று படிவத்தில் அடையாளமிட்டிருந்தாராம்.

“ஏனெண்டு இவைக்குத் தெரியாது,” என்றாள் சாயினி தமிழில். “வாற மொழிபெயர்ப்பாளர் ஆரு? ஒராள் தமிழ்ப் பள்ளி ரீச்சர். மற்றவ கோயில்ல அம்மாவோட பூக் கட்டுறவ. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் எல்லாருக்கும் தெரிஞ்சிடும் எண்டு அப்பாவுக்குப் பயம்.”

“இரகசியம் காக்கிறம் எண்டு அவை சத்தியம் செய்துதானே அந்த வேலைக்கு வருகினம்?”

“எனக்குச் சொல்லாதையுங்கோ. அப்பாவுக்குச் சொல்லுங்கோ.”

எங்கள் சமூகம் செய்கிற பிழை இது. நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. வெளியார் அறியக்கூடாது என்பதற்காக வீட்டின் முழுப் பாரத்தையும் வீட்டின் மிகச் சிறிய தோளில் ஏற்றுகிறோம். பிறகு பிள்ளை கெட்டிக்காரி என்று மெச்சுகிறோம். மழை விட்டதும் கணவாயை நோக்கி ஏறினோம். எந்த அணியில் நிற்கிறேன் என்பது இம்முறை யாரும் தந்து வந்ததாக இருக்கவில்லை. மேலே பனித்திட்டு ஒன்றைக் கடக்கும்போது சாயினியின் முதுகைப் பார்த்துச் சொன்னேன்:

“நாளைக்குக் கூட்டத்தில நீ மொழிபெயர்க்கிறேல்லை. பணியகத்து மனிசி சொல்லுறதை ரெகுலா எனக்கு ஆங்கிலத்தில சொல்லட்டும். மாமா மாமிக்கு நான் சொல்லுறன். அவை சொல்லுறதையும் நானே திருப்பிச் சொல்லுறன்.”

அவள் திரும்பினாள். “உங்களாலை ஏலாது. இடையில பேச்சு வைப்பியள்.”

“வைக்க மாட்டன்.”

“சொன்னதை மட்டும் சொல்லோணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எட்டு வயசில இருந்து செய்தவள் சொல்லுறன், குறைக்கத்தான் கை நீளும்.”

வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நடை முழுவதும் இறக்கம். ஏற்றத்தில் மூச்சு போனது; இறக்கத்தில் முழங்கால்கள் போயின. காட்டின் விளிம்பில் ஒரு மலைவிடுதி. வெளியே மரமேசையில் மாமாவும் மாமியும் பணியகத்துப் பெண்மணியும் அமர்ந்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போடும் கோட்டோடு மாமா வந்திருந்தார். வேலை முறை மாற்ற முடியாதென்றவர் எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. மாமி எழுந்து போய்ச் சாயினியின் உரிந்த மூக்கை விரலால் தொட்டார்.

பணியகத்து அதிகாரி சொன்னதை ரெகுலா ஆங்கிலத்தில் தர, நான் தமிழில் தந்தேன். இல்லத்தில் இன்று வரை ஓர் இடம் காத்திருக்கிறது. அங்கிருந்து அடுத்த கோடையில் தொழிற்பயிற்சி தொடங்கலாம். முதலில் சாயினியின் விருப்பம். அதற்குப் பெற்றோரின் கையொப்பம். மறுத்தால் விடயம் அதிகாரசபைக்குப் போகும், இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும்.

மாமா என் பக்கம் சாய்ந்தார். “நீ சொல்லு பிள்ளை. வீடுதான் நல்லது எண்டு வடிவா எடுத்துச் சொல்லு.”

ரெகுலாவை நோக்கி ஆங்கிலத்தில் சொன்னேன்: “நீ சொல்லு, வீடுதான் நல்லது என்று அழகாக எடுத்துச் சொல்லு என்று மாமா என்னிடம் கூறுகிறார்.”

மாமா திகைத்தார். “அதையேன் அவைக்குச் சொல்லுறாய்?”

“அதையேன் அவர்களுக்குச் சொல்கிறாய் என்று கேட்கிறார்,” என்றேன் ஆங்கிலத்தில்.

“உனக்கென்ன விசரோ?”

அதையும் சொன்னேன். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சாயினி சிரித்தாள். மாமிக்கும் சிரிப்பு வந்தது, மாமாவுக்கு வரவில்லை. ஆனால் மேசையின் விதி அவருக்கு விளங்கிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் சாயினி தகப்பனை நேராகப் பார்த்தாள்.

“அப்பா, நகரசபைக் கடிதம் வந்தது. தபால்காரன் கொண்டுவந்தவன். நான்தான் அலுமாரியில ஒளிச்சு வைச்சனான்.”

நான் மொழிபெயர்த்தேன். ரெகுலா அதை ஜெர்மனில் அதிகாரிக்குச் சொன்னார். மாமா கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

சாயினி அவர் பக்கம் திரும்பினாள். “என்னெண்டு தெரியும்?”

“கையுறை தேடேக்க கண்டனான். நேர்முகத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. திகதியும் நேரமும் எனக்கு வாசிக்கத் தெரியும்தானே. கண்டுட்டு, இருந்த இடத்திலயே திரும்ப வைச்சன்.”

“ஏன் அப்பா?”

“அஞ்சு பேர் இருந்து கேப்பினம் எண்டு சொன்னவை. மலையின்ர பேர் தெரியும், ஏரியின்ர பேர் தெரியும். ஆனா அவையின்ர முகத்தைப் பாத்தால் எனக்கு வாய் வராது. பிள்ளை மறந்திட்டாள் எண்டு இருக்கட்டும் எண்டு நினைச்சன்.” பிறகு அவசரமாக என்னிடம் திரும்பினார். “இதைச் சொல்லிப்போடாத. கோப்பில எழுதிடுவினம்.”

ரெகுலா என்னைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். சாயினி மட்டும் பார்க்கவில்லை. அவள் மேசையின் மரக்கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ‘மாமா வருந்துகிறார்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். அது பொய்யும் ஆகாது. குறைக்கத்தான் கை நீளும் என்று அவள் சொன்னதன் எடை அப்போது தெரிந்தது. அவள் இந்த எடையோடு எட்டு ஆண்டுகள் நடந்திருக்கிறாள். நான் கால் மணி நேரம்.

“மாமா,” என்றேன், “மேசையில சொன்னதெல்லாம் சொல்லுவன் எண்டு சாயினிக்கு வாக்குக் குடுத்தனான். இதை நான் ஒளிச்சால், திரும்பவும் அவள்தான் இதைக் காவிக்கொண்டு திரியோணும். சொல்லத்தான் போறன். ஆனா நீங்கள் சொல்லு எண்டு சொன்ன பிறகு சொல்லுறன்.”

பக்கத்து மேசையில் யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள். மாமிதான் வாய் திறந்தார்.

“சொல்லட்டும். நொஷாட்டல் எண்டு சொல்லிச் சொல்லி என்ர வாய் நோகுது.”

மாமா கண்ணை மூடித் திறந்தார். “சொல்லு.”

சொன்னேன். ஆங்கிலத்தில் நான்கு சிறு வாக்கியங்கள். உவமை இல்லை, ஏற்றம் இறக்கம் இல்லை. அதிகாரி கேட்டு முடித்தபின் பேனையை எடுக்கவில்லை. மாமாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

சாயினி முகத்தைக் கைகளால் அழுத்தித் துடைத்தாள்.

“அப்பா, நான் இல்லத்துக்குப் போறன். கோவத்தில இல்லை. ஒரு வருஷம் அங்க நிண்டு படிக்கிறன். ஞாயிறு எண்டா வீட்டுக்கு வருவன். ஆனா கடிதம் வாசிக்க மாட்டன். பக்கத்து வீட்டுக் கடிதமும் மாட்டன்.”

“கடிதம் வாசிக்க வேண்டாம்,” என்றார் மாமா. “நீ வா.”

அதிகாரி படிவத்தை நீட்டினார். மாமா கையொப்பமிட்டார், எழுத்து எழுத்தாக, உதிரிப்பாகம் பொருத்துகிற கவனத்தோடு. பிறகு மாமி இட்டார். அடுத்த கூட்டத்துக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாமா என்று அதிகாரி கேட்டதாக ரெகுலா எனக்குச் சொன்னார். தமிழில் சொல்ல நான் வாயெடுத்தேன்.

மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அவருக்குக் கேள்வி விளங்கியிருந்தது. அதிகாரியின் முகத்தைப் பார்த்து, தொழிற்சாலை ஜெர்மன் மொழியில், இடையிடையே சொல் தேடி, தேடிய சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டி, அவரே பதில் சொன்னார். நீளமான பதில். நடுவில் ஒரு தடவை நின்றுபோனார். அதிகாரி உதவ முனையாமல் காத்திருந்தார். மாமா மீண்டும் தொடங்கி முடித்தார்.

ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. சாயினியின் பக்கம் குனிந்தேன்.

“மாமா என்ன சொன்னவர்?”

அவள் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள்.

“அப்பாவிட்டக் கேளுங்கோ மச்சாள்.”